காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

மகள் வீட்டில் இரட்டைப் பேரக்குழந்தைகள் இருவரும் நலமா? அண்ணன் நலம் என்று தெரியும். குழந்தைகள் தூங்கும்போது அவனும் தூங்குகிறான், அவை விழித்திருக்கும்போது அவன் மட்டும் தூங்குகிறான் என்று உங்கள் மகள் சொன்னாள்.

போனில் பேசினால் குழந்தைகள் எழுந்துகொள்கின்றன, இனிமேல் எழுது என்றீர்கள். போன வாரம் நாம் பேசிய தொனிக்கு அவை எழுந்ததில் ஆச்சரியமில்லை. இங்கே கீழ்த்தளத்துச் செருப்புக் கடைக்காரரே மேலே வந்து, "எல்லாம் சரியா இருக்கா மேடம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆகவே எழுதுகிறேன். காகிதத்தில் குரல் உயராது என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் நீங்கள் ரயில் ஏறிய அன்று பாதியில் விட்டதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிப் பணம் வாங்கித் தரச் சொல்லி, குழந்தை டாக்டரிடமிருந்து நமக்கு வரும் பில்கள் மாதம் தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டன. எலும்பு டாக்டரிடமிருந்து நாற்பது வருகின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் நாம் எலும்பு டாக்டரிடம் நூற்றுக்கு எட்டும், குழந்தை டாக்டரிடம் நூற்றுக்கு நான்கும் வாங்குகிறோம். ஓர் இடுப்பெலும்பின் எட்டு சதவீதத்தில் ஆபீஸ் வாடகையில் நல்ல பங்கு வந்துவிடுகிறது. ஒரு சளி இருமலின் நான்கு சதவீதத்தில், அந்தக் காகிதத்தைக் குத்தும் ஸ்டேப்ளர் பின் வருகிறது. ஆனால் இடுப்பையும் இருமலையும் ஒரே மாதிரிதான் கணினியில் ஏற்ற வேண்டும், ஒரே மாதிரிதான் அனுப்ப வேண்டும். கம்பெனி திருப்பி அனுப்பினால் ஒரே மாதிரிதான் மல்லுக்கட்ட வேண்டும். இதில் இருமல்தான் அதிகம் திரும்பி வருகிறது.

பில் ஏற்றும் பெரிய கண்ணாடி அம்மாவுக்குக் கண்ணாடி இன்னும் பெரிதாகிவிட்டது. போன் பேசும் வாத்தியார், கம்பெனிக்காரர்கள் தன்னைக் காக்க வைக்கும் நேரத்தில் ரிசீவரில் கேட்கும் இசையை வீட்டிலும் முணுமுணுக்கிறார் என்று அவர் மனைவி புகார் சொல்கிறார். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உங்கள் வேலையையும் என் வேலையையும் ஒரே சம்பளத்தில் பார்க்கிறேன்.

குழந்தை டாக்டரின் கட்டணத்தை உயர்த்த வேண்டும். அனுமதி கொடுங்கள். ஆறு வருடமாக "இது நம்ம ஆபீஸ்" என்று சொல்லிவருகிறீர்கள். நம் ஆபீஸில் எனக்கும் ஒரு யோசனை வரலாம் அல்லவா?

குட்டி

(நாற்பத்தொரு வயதில் இப்படிக் கையெழுத்துப் போடுவதும் நீங்கள் வைத்த பெயரால்தான்.)


மார்ச் 9

குட்டிக்கு,

ஆசிகள். இங்கே குழந்தைகள் முறை போட்டுக்கொண்டு அழுகின்றன. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்கிறது. நம் ஆபீஸில்கூட இவ்வளவு ஒழுங்காகப் பணி ஒப்படைப்பு நடந்ததில்லை.

கட்டணத்தைத் தொடாதே.

ஒரு டாக்டருக்கு என்ன கட்டணம் என்பதை நான் கால்குலேட்டரில் கண்டுபிடிப்பதில்லை. அவருடைய காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. எத்தனை பேர் வருகிறார்கள், வரவேற்பில் இருப்பவள் பெயரை ஒரு தடவை கேட்டு எழுதுகிறாளா, மூன்று தடவை கேட்டும் தப்பாக எழுதுகிறாளா, நாற்காலிக்கு மெத்தை உண்டா, எல்லாம் கண்ணில் படும். வெளியே வரும்போது விகிதம் மனசில் தயாராக இருக்கும். எலும்பு டாக்டர் அறையில் நாற்காலிகள் தோல் உறை போட்டவை. மீன் தொட்டி வேறு. எட்டு என்றேன். மனிதர் உடனே தலையாட்டினார்.

குழந்தை டாக்டர் அறையிலும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் மொத்தம் இரண்டே பிள்ளைகள். அதில் ஒன்று தூங்கியது. அப்படி ஒரு அமைதி. பாவம், பிழைக்கத் தெரியாத டாக்டர் என்று நினைத்து நான்கு என்றேன். இப்போது கூட்டம் கூடிவிட்டது என்றால் சந்தோஷம்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மறுபடி போய் உட்காருவேன். அதுவரை முடிந்ததைச் செய்.

வேலை அதிகம் என்கிறாய். நான் தொடங்கியபோது ஒரே மேஜை. அதிலும் ஒரு கால் ஆடும். நான்தான் பில் ஏற்றினேன், நான்தான் போன் பேசினேன், நான்தான் பெருக்கினேன். யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

"நம் ஆபீஸ்" என்று சொல்லி, உன்னைப் பங்குதாரராக்கும் விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய். நான் வந்ததும் வக்கீலைப் பார்க்கலாம். அடுத்த வருடம் கண்டிப்பாக.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

"முடிந்ததைச் செய்" என்றீர்கள். செய்துவிட்டேன்.

குழந்தை டாக்டரின் வரவேற்புப் பெண் பில்களைக் கொடுக்க வந்திருந்தாள். பேச்சுவாக்கில், கட்டணம் நிர்ணயித்த அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அன்னிக்கு டாக்டருக்கே நூத்தி மூணு காய்ச்சல் மேடம். எல்லாருக்கும் போன் பண்ணி வர வேண்டாம்னுட்டோம். தெரியாம வந்த ரெண்டு பிள்ளைங்களையும் திருப்பி அனுப்பிட்டோம். ஒரு அம்மா மட்டும் பேரும் குடுக்கல, ஒண்ணும் கேக்கல, போகவும் இல்ல. ஒரு மணி நேரம் நாற்காலிய எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. யாரோ பாவம், வீட்ல சண்டை போலன்னு விட்டுட்டோம்."

ஆறு வருடமாக நாம் ஒரு காய்ச்சலின் விலைக்கு வேலை செய்துவருகிறோம், அண்ணி.

அதனால் நான் நாற்காலிகளை நம்பவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். நம் மாத வருமானத்தை மொத்தப் பில்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். பில் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வந்தது. இனி எல்லா டாக்டருக்கும் அதே தொகை, இடுப்பானாலும் இருமலானாலும். வேலைக்கு ஏற்ற கூலி. மொத்த வருமானம் மாறாது. எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

எலும்பு டாக்டர் அன்றே நேரில் வந்தார். ஆறு வருடத்தில் நம் படி ஏறியது இதுதான் முதல் தடவை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ரொம்ப நியாயமா இருக்கும்மா. இவ்வளவு நியாயத்த நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். தன் பேனாவை எடுத்து "ஓராண்டுக்கு" என்று தன் கையாலேயே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான் கால்குலேட்டரை மறுபடி எடுத்தேன்.

குழந்தை டாக்டர் மறுநாள் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றக்கூட இல்லை. "என்னம்மா இது? நான் ஊசி போட்டு வாங்கறதே அவ்வளவுதான். அதுல பாதிய உங்ககிட்ட குடுத்துட்டு நான் என்ன பஞ்சுமிட்டாயா விக்கறது?" என்றார். கையெழுத்துப் போடவில்லை. பழைய கட்டணமே தொடர்கிறது. மற்றவர்களில், யாருக்கெல்லாம் குறைந்ததோ அவர்கள் போட்டுவிட்டார்கள். யாருக்கெல்லாம் கூடியதோ அவர்களுக்குக் கடிதமே கிடைக்கவில்லையாம்.

வருமானத்தில் பாதி எலும்பு டாக்டரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. இனி அவர் நாற்பது பில்லுக்கு நாற்பது தொகை கொடுப்பார். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கால்குலேட்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

குட்டி


மார்ச் 29

குட்டிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எலும்பு டாக்டரைப் போல மகிழ்ச்சி வரவில்லை.

காய்ச்சல் விஷயம் இருக்கட்டும். அது என் தவறு என்றால், அதனால் மாதம் கொஞ்சம் குறைந்தது. உன் நியாயத்தால் ஆபீஸே போகிறது. எல்லோரும் சம்மதித்தால்தான் அந்த வகுத்தல் சரி. லாபம் கிடைக்கிறவன் மட்டும்தான் சம்மதிப்பான் என்பது கணக்கில் வராது. அது தெரியத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. வழி இருக்கிறது. இங்கே பக்கத்து வீட்டு வக்கீலிடம் கேட்டேன். ஆபீஸ் என் ஒருத்தி பெயரில் பதிவாகியிருக்கிறது. நீ பங்குதாரர் இல்லை, சம்பளத்துக்கு இருப்பவள். உன் கையெழுத்து என்னைக் கட்டாது. "கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இல்லை" என்று எலும்பு டாக்டருக்கு ஒரு வரி எழுதினால் ஒப்பந்தம் விழுந்துவிடும். பழையபடி எட்டு. எழுதப் போகிறேன். நீ மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. இது தொழில்.

அண்ணி

பி.கு. இங்கே ஒரு சின்னத் தொல்லை. பிரசவ பில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இன்சூரன்ஸ் பணம் வந்தது. இரண்டாவது குழந்தையின் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பியிருக்கிறோமாம். பத்து நாளாகப் போன் செய்கிறேன். "ஒரே தேதி, ஒரே அம்மா, எடைகூட ஒண்ணு. சிஸ்டம்ல ஒரு குழந்தைதான் மேடம் காட்டுது" என்கிறாள் அந்தப் பெண். "ரெண்டையும் ரெண்டு கையில வெச்சுக்கிட்டுத்தாம்மா பேசறேன்" என்றேன். "எந்தக் குழந்தைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்கிறாள். உன் அண்ணனிடம் கேட்டால், அவருக்கே இன்னும் எது எது என்று தெரியவில்லை. டாக்டர்கள் பக்கத்திலிருந்துதான் நாம் இதையெல்லாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நின்றால் வேறு மாதிரி இருக்கிறது. இதற்கு என்ன செய்ய வேண்டும்?


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் குழந்தை. பெயர் வைக்காத குழந்தைகளை ஆஸ்பத்திரி "பெண் குழந்தை" என்று மட்டும் எழுதி அனுப்புகிறது. இரண்டும் பெண் என்றால் கம்பெனிக்கு ஒன்றுதான். பிறந்த வரிசை போட்டு, பிறந்த நிமிடத்தையும் சேர்த்து, இரண்டு பிறப்புச் சான்றையும் ஒரே உறையில் வைத்து மேல்முறையீடாக அனுப்ப வேண்டும். போனில் பேசிப் பயனில்லை. போனில் பேசுபவளுக்குத் திரையைப் படிக்கத்தான் அதிகாரம், மாற்ற இல்லை. உங்கள் மகளிடம் சான்றுகளின் நகல் வாங்கி நானே இங்கிருந்து அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் என்பார்கள். வாத்தியாருக்கு அங்கே ஒருவரைத் தெரியும். இரண்டு வாரத்தில் முடியும்.

எவ்வளவு நேரம் பிடித்தது என்று நீங்கள் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம். குழந்தை டாக்டரிடமிருந்து இப்படிப் பெயரில்லாத குழந்தைகள் மாதம் அறுபது வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நமக்குக் கிடைப்பது அந்த ஸ்டேப்ளர் பின்.

குழந்தை டாக்டரிடம் மறுபடி போனேன், இந்த முறை காகிதம் இல்லாமல். அறுபது குழந்தைகளின் கதையைச் சொன்னேன். "இது எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்றார். தன் வரவேற்புப் பெண்ணை இரண்டு வாரம் நம் ஆபீஸுக்கு அனுப்புகிறார், எதை எப்படி எழுத வேண்டும் என்று பழக. நான்கை ஏழாக்கவும் சம்மதித்தார். வாயால்தான். கையெழுத்து வாங்கவில்லை. யார் கையெழுத்து வாங்குவது என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

இனி எலும்பு டாக்டர். தாராளமாக எழுதுங்கள், அண்ணி. நீங்கள் எழுதப்போகும் வரி முழு உண்மை. கையெழுத்திட்டவளுக்கு அதிகாரம் இல்லை. இந்த ஆறு வருடத்தில் வாடகை ஒப்பந்தத்திலும், கரண்டு இணைப்பிலும், கம்பெனிகளுக்கான எல்லா மேல்முறையீட்டிலும் அதே கையெழுத்துத்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் வக்கீலிடம் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. எலும்பு டாக்டர் நேற்று ஆள் அனுப்பினார். தன் ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவையே தொடங்கப் போகிறாராம். "உங்கள மாதிரி நியாயமான ஆள் வேணும்னு சொன்னார்" என்று ஆள் சொன்னான். சம்பளம் இப்போது வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. தனி அறை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் போனால் ஆபீஸை நீங்கள் அங்கிருந்து நடத்த முடியாது. இதை மிரட்டலாக எழுதவில்லை. வேலை ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

குட்டி


ஏப்ரல் 19

குட்டிக்கு,

இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதாகக் கம்பெனி நேற்று ஒப்புக்கொண்டது. பணம் வந்துவிட்டது. பெரியவள், சின்னவள் என்று இப்போது எங்களுக்கும் தெரியும். உன் மேல்முறையீட்டின் நகலைத் தொட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். உன் அண்ணனும் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன்.

எலும்பு டாக்டருக்கான அந்த ஒரு வரியை எழுதி, உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நேரில் கொடுத்தால் மனிதரின் முகத்தைப் பார்க்கலாம் என்று எண்ணம். போகிற வழியில் நம் ஆபீஸ் மாடிக்கு ஏறினேன். உள்ளே வரவில்லை. எதிரே பல் டாக்டரின் கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறதே, நம் கண்ணாடிக் கதவைப் பார்த்தாற்போல், அதில் உட்கார்ந்தேன். கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். பல்வலிக்காரியின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஊரில் உள்ள டாக்டர்கள் எல்லோருடைய அறையிலும் உட்கார்ந்திருக்கிறேன். என் ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

நீ ஸ்டூலில் இருந்தாய். என் நாற்காலியில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு காதில் போன், மறு காதில் பெரிய கண்ணாடி அம்மா, எதிரே குழந்தை டாக்டரின் வரவேற்புப் பெண். அவளுக்குப் பென்சிலால் ஏதோ கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாய். வாத்தியார் எழுந்து உன்னிடம் ஏதோ சொன்னார், நீ வாய்விட்டுச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே இன்னொரு போனை எடுத்தாய். டிபன் பாக்ஸைத் திறந்தாய், மூடினாய், மறுபடி திறக்கவில்லை. கூரியர்காரன் வந்தான். பார்க்காமலே கையெழுத்துப் போட்டாய். ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட நீ கதவுப் பக்கம் திரும்பவில்லை.

பல் டாக்டரின் நர்ஸ் வந்து, "அடுத்தது நீங்கதான், எந்தப் பல்லும்மா?" என்று கேட்டாள். "வலி நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வரும்போது விகிதம் மனசில் தயாராக இருந்தது. பாதி.

அங்கிருந்து நேராக நம் வக்கீலிடம் போனேன். பத்திரம் எழுதச் சொன்னேன், மார்ச் முதல் தேதியிலிருந்து நீ சரிபாதிப் பங்குதாரர் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏப்ரல்னு போடுங்கம்மா. மார்ச்னு போட்டா அந்தக் கையெழுத்து செல்லும். எலும்பு டாக்டர் ஒப்பந்தம் ஒரு வருஷம் உங்க கழுத்துல கெடக்கும்" என்றார். எனக்கும் தெரியும். "மார்ச்சுன்னே எழுதுங்க" என்றேன். "ஏம்மா?" என்றார். "அவ போட்ட கையெழுத்து" என்றேன். வக்கீலுக்கு அது காரணமாகப் படவில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிவிட்டார். அவர் அறை நாற்காலிகளைப் பார்த்தால் கொஞ்சம் அதிகம்தான் வாங்கினார்.

உறையை ரயிலில் கிழித்துப் போட்டேன். எலும்பு டாக்டர் இந்த ஒரு வருடம் நமக்குப் பிள்ளை மாதிரி. வளர்க்க வேண்டியதுதான். குழந்தை டாக்டரின் ஏழில் வாடகை தேறும், சம்பளங்களும் தேறும். நம் இருவருக்கும் தேறாது. நஷ்டத்திலும் பாதி உன்னுடையது என்பதைப் பத்திரத்தில் நான்காவது பக்கத்தில் படித்துப் பார். அதைப் படித்த பிறகும் உனக்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடு. இல்லை, தனி அறைதான் வேண்டும் என்றால் அதற்கும் ஆசிகள். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். எழுத்தில் அது தெரியாது.

பத்திரம் இத்துடன்.

அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரம் கிடைத்தது. நான்காவது பக்கத்தைப் படித்தேன். கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். எலும்பு டாக்டருக்கு நேற்றே பதில் சொல்லியாயிற்று. "அப்ப அந்த ஒப்பந்தம்?" என்று கவலையோடு கேட்டார். செல்லும் என்றேன். அவர் கும்பிட்ட கும்பிடைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் கேட்கப்போகும் நூற்றுக்குப் பத்தை அவர் இன்னும் எதிர்பார்க்கவில்லை. குழந்தை டாக்டரிடம் ஏழுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். யார் வாங்குவது என்ற சந்தேகம் இந்த முறை வரவில்லை.

உங்கள் நாற்காலியிலிருந்து ஃபைல்களை இறக்கிவிட்டேன். அதில் இப்போது நான்தான் உட்காருகிறேன். நீங்கள் வந்தால் இன்னொன்று வாங்கலாம். மெத்தை வேண்டாம், டாக்டர்கள் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள்.

ஒரே ஒரு விஷயம். பங்குதாரர் என்ற முறையில் மறைக்கக் கூடாது. நீங்கள் வந்திருந்த அந்த வியாழக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினி காலையிலிருந்து படுத்துவிட்டது. ஒரு புதுப் பில்கூட அனுப்ப முடியவில்லை. அதைத்தான் வாத்தியார் சொன்னார், அதற்குத்தான் நான் சிரித்தேன். நீங்கள் பார்த்தது இந்த வருடத்திலேயே எங்களுக்கு வேலை குறைந்த நாள். டாக்டருக்குக் காய்ச்சல் வந்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி போதும். மறுபடி வந்து அந்தப் பெஞ்சில் மட்டும் உட்காராதீர்கள், முக்கால் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பங்குதாரர்,
குட்டி